ரூமி எழுத்தில் உங்கள் கடைப்பெயர்

மாலை ஐந்து மணிக்கு மேல் ஜுரு பக்கத்துத் தாமான்களில் நடந்துபோனால், எந்த வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று மூக்கும் காதும் சொல்லிவிடும். ஒரு வீட்டில் எண்ணெய்ச் சட்டியில் ஓமம் மணக்கும். அடுத்த வரிசையில் மல்லிகைச் சரம். முனை வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் தொழில்களுக்கெல்லாம் பெயர் உண்டு, ஆனால் அவை அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்கள்: முறுக்கு அக்கா, பூக்காரம்மா, தையல் அண்ணன். வாட்சாப்பில் ஆர்டர் எடுக்க அது போதும்.

போதாமல் போகும் நாள் ஒன்று வரும். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தீபாவளிக்கு முந்நூறு டப்பா முறுக்கு கேட்கும். “பில் கொடுங்கள், கம்பெனி பெயரில் பணம் போடுகிறோம்” என்பார்கள். அந்த நிமிடத்தில் முறுக்கு அக்காவுக்கு ஒரு பெயர் வேண்டும். அரசாங்கம் அறிந்த பெயர், வங்கி அறிந்த பெயர். இந்த அத்தியாயம் அந்தப் பெயரைப் பற்றியது. முறுக்குத் தொழிலை உதாரணமாக வைத்துக்கொண்டு போகிறேன். பூக்கட்டுபவரும் தைப்பவரும் தங்கள் தொழிலை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டம். தீபகற்ப மலேசியாவில் தனி ஆளாகவோ பங்காளிகளாகவோ தொழில் செய்பவர்கள் 1956ஆம் ஆண்டின் தொழில் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதியும் இடம் மலேசிய நிறுவனங்கள் ஆணையம். எல்லாரும் எஸ்.எஸ்.எம். என்றுதான் சொல்கிறோம். இது 2002 ஏப்ரலில் உருவானது. அதற்கு முன் கம்பெனிகளுக்கு ஒரு பதிவகமும் சிறு தொழில்களுக்கு வேறொரு பதிவகமும் இருந்தன, அவை இரண்டையும் இணைத்ததுதான் எஸ்.எஸ்.எம். பெரியவர்கள் சிலர் இன்னும் பழைய வழக்கத்தில் ‘ஆர்.ஓ.பி.க்குப் போய் வா’ என்பார்கள். அவர்கள் சொல்வதும் இதே கதவைத்தான்.

பதியாமல் தொழில் செய்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பத்து ஆண்டாக முறுக்கு விற்றுவிட்டு, ‘இப்போது போனால் ஏன் இத்தனை நாள் பதியவில்லை என்று கேட்பார்களே’ என்று தயங்கி, அந்தத் தயக்கத்திலேயே இன்னும் ஐந்து ஆண்டைக் கழிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். தாமதத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் உண்மையைச் சொல்லுங்கள். பதியாமல் தொடர்வதில் இருக்கும் ஆபத்து அந்தக் கேள்வியைவிடப் பெரியது, அது ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போகிறது.

யார் பெயரில்?

கடைப்பெயரை யோசிக்கும் முன் உரிமையாளரை முடிவு செய்யுங்கள். 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமகனோ நிரந்தரவாசியோ பதியலாம். விதி இவ்வளவு எளிமையாக இருந்தும் நம் வீடுகளில் இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. மாவு பிசைவது, சுடுவது, டப்பாவில் அடைப்பது, காசு எண்ணுவது எல்லாம் மனைவி. பதிவு மட்டும் கணவர் பெயரில், அல்லது வேலைக்குப் போகும் மகன் பெயரில். ‘எனக்கு மலாய் அவ்வளவாக வராது, கவுண்டரில் பேசப் பயம்’ என்று அந்த அம்மா ஒதுங்கிக்கொண்டிருப்பார்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வங்கிக் கணக்கு, கடனுதவி, வருமான வரி, வருங்காலத்தில் தொழிலை விற்கும் உரிமை, எல்லாமே பதிவுப் பத்திரத்தில் இருக்கும் பெயரைப் பின்தொடர்ந்து போகும். இந்தியத் தொழில்முனைவோருக்காக டெக்குன் நேஷனல் நடத்தும் ஸ்பூமி கடன் திட்டத்துக்கு மனுச் செய்தாலும், முதலில் பார்ப்பது தொழில் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான். இருபது ஆண்டு அடுப்படியில் நின்றவருக்குத் தாளில் ஒரு வரி இடமில்லை என்றால், அந்த உழைப்புக்கு எந்த அலுவலகத்திலும் சாட்சி கிடையாது. யார் உழைக்கிறாரோ அவர் பெயரில் பதியுங்கள். இருவரும் உழைத்தால் பங்காளித்துவமாகப் பதியுங்கள். அதில் 20 பேர் வரை சேரலாம். மகன் அரசாங்க வேலையில் இருந்தால் அவர் பெயரைச் சேர்க்கும் முன் துறைத் தலைவரின் அனுமதி வேண்டும், இதையும் மறக்கக்கூடாது.

‘செண்டிரியான் பெர்ஹாட் போட்டால்தான் மதிப்பு’ என்று ஏஜென்டுகள் சிலர் சொல்வார்கள். 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வந்த பிறகு ஒரே ஆள் கம்பெனி தொடங்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் பதிவுக் கட்டணமே 1,000 ரிங்கிட். கம்பெனிச் செயலாளர் ஒருவரை வைத்து ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் ஒப்படைக்க வேண்டும். தனி ஆள் தொழிலில் தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடனாகிவிடும். கம்பெனி அதிலிருந்து காப்பாற்றும். பெரிய கடனும் பெரிய ஒப்பந்தமும் வரும்போது கம்பெனியைப் பற்றி யோசிக்கலாம். வீட்டில் முறுக்கு சுடுபவருக்கு இன்று அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பெயரும் எழுத்துக்கூட்டும்

இனி பெயர். இரண்டு வழி இருக்கிறது. அடையாள அட்டையில் உள்ள உங்கள் பெயரை ஓர் எழுத்தும் மாற்றாமல் தொழிலின் பெயராக வைத்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். பெயருக்குத் தனி ஒப்புதல் வேண்டியதில்லை. ‘எண்டர்பிரைஸ்’, ‘டிரேடிங்’ என்று வால் ஒன்றைச் சேர்த்தாலோ வேறு பெயர் வைத்தாலோ அது வணிகப் பெயர். ஆண்டுக்கு 60 ரிங்கிட், பெயர் ஒப்புதலும் வாங்க வேண்டும். முப்பது ரிங்கிட்டை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவர், டப்பாவின் மேல் ‘ஏ/பி’யோடு தன் முழுப் பெயரும் தகப்பனார் பெயரும் அச்சாகி இருப்பதை ஒரு தடவை கற்பனை செய்து பார்க்கட்டும். சிலருக்கு அது பெருமையாகக்கூட இருக்கும். அப்படியென்றால் தாராளமாக வைக்கலாம்.

வணிகப் பெயர் என்று முடிவு செய்தால், இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல நினைக்கும் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். பெயர் ரூமி எழுத்தில்தான் பதிவாகும். தமிழில் லெட்சுமி என்று எழுதினால் சந்தேகமே இல்லை. ரூமியில் அதே பெயருக்கு எத்தனை முகம்! எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஐ என்று ஒருவர் எழுதுவார். எல்-ஏ-கே-எஸ்-எச்-எம்-ஐ என்று இன்னொருவர், கே-எஸ்-எச் இருக்கும் இடத்தில் எக்ஸ் போட்டு மற்றொருவர். நம் தாத்தா பாட்டியின் பிறப்புப் பத்திரத்தில் பெயரை எழுதியவர் பெரும்பாலும் தோட்டத்துக் கிராணியோ ஆஸ்பத்திரி எழுத்தரோதான். காதில் விழுந்ததை எழுதினார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஓர் எழுத்துக்கூட்டு, தங்கைக்கு வேறு எழுத்துக்கூட்டு. அது நம் தப்பில்லை. ஆனால் கடைக்குப் பெயர் வைக்கும்போது எழுத்துக்கூட்டை முடிவு செய்வது நாம்தான். அந்த வாய்ப்பை அவசரத்தில் தவறவிடக் கூடாது.

என் வீட்டிலேயே இது நடந்தது. பதிவில் ஒரு ‘எச்’ இருந்தது. பெயர்ப்பலகை எழுதியவர் அந்த ‘எச்’சை விட்டுவிட்டார். பலகையைப் பார்த்து வாடிக்கையாளர் காசோலை எழுதினார், அவருடைய காசோலையிலும் ‘எச்’ இல்லை. வங்கியொன்று அதைத் திருப்பி அனுப்பியது. பணம் வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் மாவுக்கும் எண்ணெய்க்கும் கடன் வாங்கித்தான் ஓட்டினோம்.

ஆகவே எஸ்.எஸ்.எம்.முக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே பெயரை ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். தமிழ் தெரியாத ஒருவரிடம், பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடமோ சீனரிடமோ, வாசிக்கச் சொல்லுங்கள். அவர் வாயில் பெயர் எப்படி வருகிறதோ, வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வாயில் அப்படித்தான் வரும். அவர் தடுமாறினால் எழுத்தைக் குறைத்து எளிமையாக்குங்கள். எஸ்.எஸ்.எம்.மின் இணையத் தேடலில் அந்தப் பெயரைப் போட்டு ஏற்கெனவே யாராவது வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பெயர் ஒப்புதல் பாரத்தின் எண் பி.என்.ஏ. 42. மலாயிலோ ஆங்கிலத்திலோ இல்லாத சொல்லை வைத்தால் அதன் பொருளை விளக்கி எழுத வேண்டும். நம் பெயர்கள் தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான். ‘அன்னம்’ என்று வைத்தால் சோறு, உணவு என்று மலாயில் ஒரு வரி எழுதுங்கள். குலதெய்வத்தின் பெயரென்றால் அதை அப்படியே சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்.கே.டி. என்று வைப்பது நம்மவர்களுக்குப் பிடித்த வழக்கம். ஒவ்வோர் எழுத்தும் யாரைக் குறிக்கிறது என்று அங்கே எழுதிவிடுங்கள். விளக்கத்தை வெறுமனே விட்டால் கேள்வியோடு திரும்பி வரும்.

அரச குடும்பத்தோடோ அரசாங்கத்தோடோ தொடர்பு இருப்பதாகத் தோன்றும் சொற்களை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆபாசமான சொற்களுக்கும் இடமில்லை. ராஜா, ராணி என்று நம் பெயர்களில் இயல்பாக வரும் சொற்களுக்கு மலாய்க் காதில் அரச வாசனை உண்டு. அது உங்கள் அப்பாவின் பெயர் என்றால் அடையாள அட்டையில் இருப்பதைக் காட்டி விளக்குங்கள். கிளினிக், பாலர் பள்ளி, வங்கி போன்ற சொற்களுக்கு அந்தந்தத் துறையின் அனுமதி வேண்டும்.

பதியும் நாள்

ஜுருவாசிகளில் பலர் அரசாங்க வேலை என்றாலே பாலத்தைத் தாண்டி ஜோர்ஜ் டவுன், கொம்தார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வேலைக்கு அந்தப் பயணம் வேண்டாம். பினாங்கு மாநிலத்தின் எஸ்.எஸ்.எம். அலுவலகம் பெருநிலத்தில், செபராங் ஜெயாவில் இருக்கிறது. எஸ்பிஸ் என்ற இணையத் தளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். அதற்கு முதலில் உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்து ஒரு கணக்குத் திறக்க வேண்டும். கிளம்பும் முன், கவுண்டரில் இன்று எதைச் செய்கிறார்கள், எதை இணையத்தில் மட்டும் செய்கிறார்கள் என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் கேள்விகள் ஒன்றுதான். தொழிலின் பெயர், தொடங்கிய தேதி, முகவரி, கிளைகள், என்ன தொழில், உரிமையாளர் யார். ‘என்ன தொழில்’ என்பதில் நிதானமாக இருங்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. முறுக்கு செய்பவர் தயாரிப்பாளரா, சில்லறை வியாபாரியா, விருந்துக்குச் சமைத்துக் கொடுப்பவரா? வங்கியும் கடன் அதிகாரியும் அந்தக் குறியீட்டை வைத்துத்தான் உங்கள் தொழிலைப் புரிந்துகொள்வார்கள். நீங்கள் கேட்கும் மாவு பிசையும் இயந்திரத்துக்கான கடனும் தாளில் உள்ள ‘சில்லறை வியாபாரம்’ என்ற வரியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றால் விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போவீர்கள்.

கவுண்டரில் நான்கு மலாய்ச் சொல் தெரிந்தால் போதும். புதிதாகப் பதிய ‘டஃப்தார் பாரு’. புதுப்பிக்க ‘பெம்பாஹாருவான்’. விவரம் மாற்ற ‘பெருபாஹான்’. தொழிலை மூட ‘பெனாமத்தான்’. நம்பர் சீட்டு எடுத்து உட்காருங்கள். உங்கள் எண் வந்ததும் “என்சிக்” அல்லது “புவான்” என்று மரியாதையாகத் தொடங்கிச் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளையே நீட்டுங்கள். வாயால் எழுத்துக் கூட்டிச் சொல்லாதீர்கள். இரைச்சலில் ‘பி’ ‘டி’ ஆகும், ‘எம்’ ‘என்’ ஆகும். பணம் கட்டும் முன் திரையிலோ தாளிலோ தெரியும் பெயரை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். பின்னால் திருத்த வேண்டுமென்றால் அது தனிப் பாரம், தனி அலைச்சல்.

ஓர் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரைக்கும் சேர்த்துப் பதியலாம். ஐந்து ஆண்டுக்கு வணிகப் பெயர் என்றால் 300 ரிங்கிட். கிளை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 ரிங்கிட். தொழில் விவரத் தாளுக்கு 10 ரிங்கிட், அதையும் கேட்டு வாங்குங்கள், வங்கியில் கேட்பார்கள். ஏஜென்டுக்கு இதைப் போல் இரண்டு மடங்கு கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உதவி தேவையென்றால் படித்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஸ் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அதை வைத்திருப்பவர் உங்கள் பெயரில் தொழிலையே மூடிவிட முடியும்.

பத்திரத்தில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். 2019 அக்டோபரிலிருந்து வந்த முறை இது. முதல் நான்கு இலக்கம் பதிந்த ஆண்டு. அடுத்த இரண்டு இலக்கம் 03 என்றால் தனி ஆள் அல்லது பங்காளித் தொழில், 01 என்றால் உள்நாட்டுக் கம்பெனி. மீதி ஆறும் வரிசை எண். யாராவது ‘நாங்கள் பெரிய கம்பெனி’ என்று சொல்லி உங்களிடம் முன்பணம் கேட்டால் அந்த ஐந்தாம் ஆறாம் இலக்கத்தைப் பாருங்கள்.

பத்திரம் கையில் வந்த பிறகு

பத்திரம் வந்த அன்றே பலகை மாட்டிவிடுவது நம் வழக்கம். எஸ்.எஸ்.எம். பத்திரம் தொழில் செய்வதற்கான லைசென்ஸ் அல்ல. தொழிலின் பெயர் என்ன, உரிமையாளர் யார் என்பதற்கான சான்று அது. இடத்துக்கும் பலகைக்கும் லைசென்ஸ் தருவது ஊராட்சி மன்றம். ஜுருவுக்கு அது செபராங் பிறை மாநகர் மன்றம், 2019 செப்டம்பர் 16 முதல் மாநகர் தகுதி பெற்றது. தீவில் கடை வைத்தால் பினாங்குத் தீவு மாநகர் மன்றம். வீட்டிலிருந்தே தொழில் செய்வதானாலும் லைசென்ஸ் பிரிவில் போய்க் கேட்டுவிடுங்கள். எஸ்.எஸ்.எம். பாரத்தில் வீட்டு முகவரியைப் போட்டுவிட்டதால் அந்த வீட்டில் கடை நடத்தும் அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. உணவுத் தொழில் என்றால் சுகாதார அமைச்சிலும் பதிவு வேண்டும். உணவைக் கையாள்பவர்கள் பயிற்சி எடுத்து டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும்.

பலகையில் தேசிய மொழி பெரிதாகவும் முதன்மையாகவும் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துக்கு இடம் உண்டு, அதைவிடச் சிறிதாக. பலகையின் வாசகத்தை டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் காட்டி மொழி உறுதிப்பாடு பெற வேண்டும். அதன் வடமண்டல அலுவலகமும் மாநகர் மன்றத்தின் தலைமையகமும் புக்கிட் மெர்த்தாஜாமில், பண்டார் பெர்டாவில்தான் இருக்கின்றன. அந்த உறுதிப்பாடு கையில் வரும் வரை பலகைக்காரருக்கு முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அடித்த பலகையைத் திரும்ப அடிக்கும் செலவு ஐந்தாண்டுப் பதிவுக் கட்டணத்தைத் தாண்டிவிடும். பதிவு எண்ணையும் பலகையில் சேர்க்கச் சொல்லுங்கள். பெயரை ரூமியில் எழுதும்போது எங்கள் வீட்டு ‘எச்’சை நினைத்துக்கொண்டு பத்திரத்தின் நகலைப் பலகைக்காரர் கையில் கொடுங்கள்.

இணையத்தில் விற்பவர்களுக்கும் பெயரையும் எண்ணையும் காட்டும் கடமை உண்டு. மின்வணிக விதிகளின்படி விற்பவர் தன் தொழிலின் பெயர், பதிவு எண், விலை, தொடர்பு விவரம் ஆகியவற்றை வாங்குபவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். முகநூலில் அழகான முறுக்குப் படம் போட்டு ‘விலைக்கு உள்பெட்டியில் வாருங்கள்’ என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பெயரைப் பதிந்தால் அது உங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எஸ்.எஸ்.எம். பதிவு ஒரு பெயரின் மேல் தனி உரிமை தருவதில்லை. பெயரையும் சின்னத்தையும் மற்றவர் எடுத்துக்கொள்ளாமல் காக்க வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில், அதாவது மைஐபிஓவில், வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும். 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் ஒரு பதிவு 10 ஆண்டு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். செலவு எஸ்.எஸ்.எம். பதிவைவிட அதிகம். உங்கள் டப்பா தாமானைத் தாண்டிக் கடைத் தட்டுகளுக்குப் போகத் தொடங்கும்போது அந்தச் செலவைச் செய்யலாம். அதற்கு முன் அவசரமில்லை.

வருமான வரியைப் பற்றித் தனி அத்தியாயம் இருப்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். தொழில் வருமானம் உள்ள தனி ஆளுக்கு உரியது பாரம் ‘பி’. சம்பளக்காரர்களின் ‘பிஈ’ அல்ல. ‘லாபம் இல்லை, அதனால் அனுப்பவில்லை’ என்பது காரணம் ஆகாது.

இனிப் பதிவைக் காப்பாற்றுவது. முகவரி மாறினாலோ, பங்காளி சேர்ந்தாலோ விலகினாலோ, புதுக் கிளை வந்தாலோ 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தொழிலை நிறுத்தினாலும் 30 நாள்தான். உரிமையாளர் இறந்துவிட்டால் குடும்பத்தார் நான்கு மாதத்துக்குள் இறப்புப் பத்திரத்தோடு போய் முடித்துவைக்க வேண்டும். துக்க வீட்டில் இதை யாரும் நினைக்க மாட்டார்கள். அதனால் பத்திரம், விவரத் தாள், எஸ்பிஸ் கணக்கின் விவரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, அந்த உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள்.

புதுப்பிக்க வேண்டிய தேதிக்காகக் கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். காலாவதியான பதிவோடு தொழிலைத் தொடர்வதும் குற்றம்தான். முறுக்குக்காரர்களுக்கும் பலகாரக்காரர்களுக்கும் ஒரு தனி ஆலோசனை: உங்கள் பதிவு அக்டோபரிலோ நவம்பரிலோ முடிவதாக இருந்தால், தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் அந்தத் தேதி நிச்சயம் மறந்துபோகும். புது ஆண்டுத் தமிழ் நாட்காட்டி மளிகைக் கடையிலிருந்து வந்ததும், ஜனவரியிலேயே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் வரும் நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ‘எஸ்.எஸ்.எம்.’ என்று எழுதி, மாவுச் சல்லடை தொங்கும் ஆணியிலேயே நாட்காட்டியை மாட்டிவிடுங்கள்.